நாய்க்குட்டி வகுப்பு காசுக்குத் தகுமா?

தகும். புதிய மனிதர், புதிய சத்தம், புதிய இடம் எல்லாவற்றுக்கும் குட்டியைப் பழக்கும் வகுப்பைத்தான் சொல்கிறேன். ஆனால் குட்டிக்கு நாலு மாதம் தாண்டிய பிறகு சேர்ந்தால் பாதிக் காசு தண்ணீரில் போட்ட மாதிரிதான். அவசரமாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும், மற்றவர்கள் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

எங்கள் வீட்டுக் குட்டி மினியேச்சர் ஷ்னாவ்ஸர். உப்பும் மிளகும் கலந்த நிறம், அதனால் பெயர் மிளகு. சிங்கப்பூரில் தோ பாயோ பேட்டையில், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நாலறை அடுக்குமாடி வீடு. வீவக அனுமதிக்கும் 62 சிறிய இனங்களில் இதுவும் ஒன்று, வீட்டுக்கு ஒரு நாய்தான், மூன்று மாதம் தாண்டினால் உரிமம் வேண்டும், மைக்ரோசிப் வேண்டும் என்பதையெல்லாம் வாங்கும்போதே சொல்லிவிடுவார்கள். இந்த இனம் சரியான வாயாடி என்பதை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. அழைப்புமணி கேட்டால் குரைக்கும், லிஃப்ட் கதவு திறந்தால் குரைக்கும், எதிர்வீட்டுக்குப் பார்சல் வந்தாலும் இது குரைக்கும். தரைவீட்டில் இருப்பவர்கள் சமாளித்துக்கொள்ளலாம். வாசலுக்கு வாசல் ஒட்டியிருக்கிற வீவக தளத்தில் அண்டைவீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அதனால் குட்டி வீட்டுக்கு வந்த கையோடு வகுப்பு தேட ஆரம்பித்துவிட்டோம். "நாய்க்குமா டியூஷன்?" என்று அம்மா கேட்டார். இந்த ஊரில் டியூஷன் போகாமல் யார் வளர்ந்தது என்று தங்கை ஒரு போடு போட்டாள், பேச்சு அத்தோடு முடிந்தது.

நாங்கள் சேர்ந்த இடத்தின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. பெயர் போட்டால் விளம்பரம் என்பீர்கள், அதோடு இப்படி நடத்துகிறவர்கள் தீவில் வேறு பலரும் இருக்கிறார்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பதை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். உபி பக்கம் தொழிற்பேட்டைக் கட்டடம், மேல் தளத்தில் ஒரு பெரிய அறை, தரை முழுக்க ரப்பர் பாய். வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், ஆறு வாரம். ஒரு சுற்றில் ஆறு குட்டிகளுக்கு மேல் எடுப்பதில்லை. கட்டணம் முந்நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்று மேல்.

வாசலிலேயே எனக்குப் பிடித்துப்போனது. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள், குட்டியைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்றார்கள், தடுப்பூசி அட்டையைப் புரட்டித் தேதி பார்த்தார்கள். ஒருவர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்து, போனில் படம் இருக்கிறது, அனுப்பச் சொல்கிறேன் என்றார். படம் வந்து சேரும்வரை அவரும் குட்டியும் நடைபாதையில்தான் நின்றார்கள். கறார் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அந்தக் கறார்தான் நிம்மதி தந்தது.

ஏனென்றால் இந்த விஷயத்தில் ஒரு இழுபறி இருக்கிறது, புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் அதில் மாட்டுவார்கள். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளிவிட்டு, பதினாறு வாரம் வரை போகும். அது முடியும்வரை வெளியே கொண்டுபோகாதே என்று ஊரெல்லாம் சொல்லும். பார்வோ கிருமி சாதாரணமானதல்ல, நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், குட்டிக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம். அதுவும் உண்மை. ஆனால் புதிய மனிதர், புதிய சத்தம், புதிய இடம் எதைப் பார்த்தாலும் 'சரி, இதுவும் உலகத்தில் உண்டு' என்று குட்டி எளிதாக ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பதினாலாவது வாரம் வரைதான். 1961-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் செய்த ஆய்வு ஒன்றில், மனிதர் முகமே படாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகளைப் பதினாலாவது வாரத்தில் வெளியே எடுத்தபோது அவை மனிதரைக் கண்டு காட்டு விலங்காக மிரண்டன, ஐந்தாறு வாரத்திலேயே கொஞ்சம் பழகியவை அப்படி இல்லை. ஊசி முடியட்டும் என்று பதினாறு வாரம் கதவைச் சாத்திவைத்தால் குட்டி நோயில்லாமல் இருக்கும், அந்தக் காலமோ கதவுக்கு வெளியே கடந்து போயிருக்கும்.

இதற்கு விலங்கு நடத்தை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2008-லேயே ஒரு நடுவழி சொல்லிவிட்டது. ஏழெட்டு வார வயதிலேயே வகுப்புக்குப் போகலாம், முதல் ஊசி போட்டுக் குறைந்தது ஏழு நாள் ஆகியிருக்கவேண்டும், பூச்சிமருந்து கொடுத்திருக்கவேண்டும், நடக்கும் இடம் சுத்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எங்கள் கால்நடை மருத்துவரும் இதையேதான் சொன்னார். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள், உங்கள் குட்டியைத் தொட்டுப் பார்த்தவர் அவர்தான். ஆனால் கிருமிநாசினி போட்டுத் துடைத்த, ஊசி போட்ட குட்டிகள் மட்டும் வரும் அறை வேறு, பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் நாய்கள் ஓட வேலி போட்டிருக்கிறார்களே அந்த இடம் வேறு. அங்கே யார் நாய் என்ன ஊசி போட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஊசிகள் எல்லாம் முடியும்வரை பூங்காப் பக்கம் குட்டியை இறக்கிவிடவேண்டாம்.

சரி, வகுப்புக்கு வருவோம். 'உட்கார்', 'படு', 'கை கொடு' எல்லாம் சொல்லித்தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் மணி நேரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒன்றுமே சொல்லித்தரவில்லை. அறையின் மூலையில் ஒரு சக்கர நாற்காலி, ஒரு கைத்தடி, விரித்து வைத்த குடை, உணவு விநியோகம் செய்கிறவர்கள் போடுவது போன்ற தலைக்கவசம், ஒரு மார்க்கெட் தள்ளுவண்டி. குட்டியை அவிழ்த்துவிட்டு, இழுக்காதீர்கள், தள்ளாதீர்கள், அதுவாகப் போய் மோப்பம் பிடித்தால் தின்பண்டம் கொடுங்கள் என்றார்கள். நடுவில் கால்வாய் மேல் மூடியாகப் போடும் இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்றைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். இங்கே நாய் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அடுக்குமாடியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் இந்தச் சட்டம்தான், இதன் மேல் கால் வைக்க மறுத்து மழையில் அசையாமல் நிற்கிற நாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மிளகு முதலில் முன்னங்கால் ஒன்றை வைத்து, இரும்பின் சில்லிப்பு பட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை அந்தப் பக்கம் வைத்ததும் கழுத்தை எவ்வளவு நீட்டமுடியுமோ அவ்வளவு நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை. பிறகு இரண்டு கால், அப்புறம் நாலு. இப்போது கீழே நடக்கும்போது சட்டம் வந்தால் அதன்மேல் ஏறி நின்று என் கையைப் பார்க்கிறது, கோழி எங்கே என்று.

சத்தத்துக்கும் இதே வழிதான். குட்டிகள் தின்றுகொண்டிருக்கும்போது அறையின் மறுகோடியில் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கீழே போட்டார்கள். முதலில் மெதுவாக, துணி விரித்து அதன்மேல். வாரம் ஆக ஆகத் துணி போய்விட்டது. ஒலிபெருக்கியில் இடி, சிங்க நடன மேளம், மலாய்க் கல்யாணத்தில் தட்டும் கொம்பாங் மேளம், பழைய சாமான் வாங்க வருகிற காராங் கூனிக்காரரின் ஹார்ன், போர் விமானம். பட்டாசு 1972-லேயே தடையாகிவிட்ட ஊர் இது, தீபாவளிக்கு இந்தியாவில் நாய்கள் படும் பாடு இங்கே இல்லை. ஆனால் ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது, தேசிய தின ஒத்திகை தொடங்கிவிட்டால் ஆகஸ்ட் வரை வார இறுதிகளில் விமானம் கூரையை உரசுகிற மாதிரி போகும். ஒலிப்பதிவை வீட்டுக்கும் அனுப்பிவைக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் குறைந்த ஒலியில் வையுங்கள், குட்டி தின்பதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று பொருள், குறைத்துவிடுங்கள் என்றார் பயிற்சியாளர். வகுப்பு முழுக்க அவர்கள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே அளவுகோல் இதுதான்: தின்கிறதா, நிறுத்திவிட்டதா. நாய் மனசை ஆராயத் தெரியாத என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது.

எங்கள் சுற்றில் ஒரு கலப்பினக் குட்டி இருந்தது, ஜூரோங் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றில் மீட்கப்பட்டது, கறுப்பு, காது மட்டும் பழுப்பு. எடுத்து வளர்க்கும் தம்பதி பொறுமைசாலிகள். முதல் வாரம் முழுக்க அது நாற்காலிக்கு அடியில்தான். நாங்கள் எல்லோரும் ஐயோ பாவம் என்று குனிந்து பார்க்க, பயிற்சியாளர் முதல் வேலையாக எங்களை அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். யாரும் அதைப் பார்க்கக்கூடாது, கூப்பிடக்கூடாது, கை நீட்டக்கூடாது. நாற்காலியைச் சுற்றி ஒரு தடுப்புப் பலகை வைத்து, கடந்துபோகிற ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கோழியைப் பின்கையால் போட்டுவிட்டுப் போனார், நிற்கக்கூட இல்லை. அடுத்த வாரம் மூக்கு வெளியே வந்தது. அதற்கடுத்து பலகைக்கு வெளியே அரை உடம்பு. கடைசி வகுப்பில் மிளகோடு சேர்ந்து ஓடியது என்று எழுத ஆசைதான், ஆனால் ஓடவில்லை. தம்பதியின் காலடியில் உட்கார்ந்து மற்ற குட்டிகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு கோழி தின்றது. அதுவே பெரிய தேர்ச்சி என்றார் பயிற்சியாளர், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். எல்லோரிடமும் ஓடிப்போய் வாலாட்டுகிற நாயை உருவாக்குவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. வீவகவில் அப்படி ஒரு நாய் தலைவலி. எங்கள் எதிர்வீட்டு மக்சிக் (மலாய் முஸ்லிம் அத்தை, மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனுஷி, நோன்புப் பெருநாளுக்கு லொண்டோங் என்ற சோற்றுப் பலகாரம் கொடுத்துவிடுவார், ஆனால் நாயின் எச்சில் மேலே பட்டால் அவருக்குக் கழுவுகிற வேலை இருக்கிறது. மாடியில் ஒரு சீனத் தாத்தாவுக்கு நாய் என்றாலே பயம். லிஃப்டில் இவர்களோடு ஏறும்போது நாய் மூலையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வரவேண்டும், அதுதான் இங்கே பழக்கம் என்பது. அதற்காகவே பலகைகளை வைத்து லிஃப்ட் அளவுக்கு ஒரு கூண்டு கட்டி, ஒவ்வொருவராக உள்ளே வந்து, நாயைக் கண்டுகொள்ளாமல் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குட்டி உட்கார்ந்து உரிமையாளர் முகத்தைப் பார்த்தால் கோழி. இதை எல்லா வாரமும் செய்தார்கள். வீட்டிலும் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். மிளகை இடது பக்கச் சுவரோரம் உட்காரவைத்து, தானே இடையில் நின்றுகொள்கிறார். இப்போது மக்சிக் "அடுத்த லிஃப்டில் வருகிறேன்" என்று சொல்வதில்லை, கூடவே ஏறிக்கொள்கிறார். இந்த ஒன்றுக்கே கட்டணம் செரித்துவிட்டது என்பேன்.

விளையாட்டு நேரமும் உண்டு, ஆனால் ஒரேயடியாக அவிழ்த்துவிட மாட்டார்கள். சில நிமிடம் விளையாட்டு, கூப்பிட்டு ஒரு வாய் தீனி, மறுபடி விளையாட்டு. ஒரு கோர்கி குட்டி மிளகை உருட்டி உருட்டி எடுத்தது. நான் போய்ப் பிரிக்கப் போனேன். பயிற்சியாளர் கோர்கியை மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டு, "மிளகு என்ன செய்கிறது பாருங்கள்" என்றார். அது எழுந்து உடம்பை உதறிவிட்டு மறுபடி கோர்கியிடமே போய் முன்னங்காலைத் தாழ்த்தியது. வேண்டாம் என்றால் விலகிப் போயிருக்கும், அப்போது விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம். இதை இப்போது பூங்காவில் தெரியாத நாய்களோடும் செய்து பார்க்கிறேன், மற்ற உரிமையாளர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது, போய்வருவது. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற முடியாது, வழிகாட்டி நாய்க்குத்தான் அனுமதி. கார் இல்லாதவர்கள் செல்லப்பிராணி ஏற்றும் வாடகை வண்டிதான் கூப்பிடவேண்டும், அது சாதாரண வண்டியைவிடக் கூடுதல் காசு. போக வர என்று கணக்குப் போட்டால் வண்டிக்காசு வகுப்புக் கட்டணத்தில் பாதிக்கு வந்து நிற்கும். இரண்டாவது, குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். வீட்டில் பகல் முழுக்க மிளகோடு இருப்பது அம்மாதான், வகுப்பில் அவர் புரிந்துகொண்டதெல்லாம் கண்ணால் பார்த்து. ஒரு சீன ஆன்டியும் அதே நிலைமையில் இருந்தார், இருவரும் கலவை மலாயில் பேசிச் சமாளித்தார்கள். நாலு படம் போட்ட ஒரு தாள் கொடுத்திருக்கலாம். ஒரு வீட்டில் பாட்டி ஒரு மாதிரி, பிள்ளைகள் ஒரு மாதிரி, பணிப்பெண் ஒரு மாதிரி சொன்னால் குட்டி யார் பேச்சைக் கேட்கும்? மூன்றாவது, நகம் வெட்டுவது, காது துடைப்பது, வாயைத் திறந்து பார்ப்பது இதற்கெல்லாம் ஒரே ஒரு வகுப்புதான் ஒதுக்கினார்கள். ஷ்னாவ்ஸர் மாதிரி மாதாமாதம் முடி வெட்டவேண்டிய இனத்துக்கு அது போதாது. கத்தரிக்கும் மெஷின் சத்தத்தை நாங்களே அப்பாவின் தாடி மெஷினை வைத்துப் பழக்கவேண்டியிருந்தது. அப்பாவுக்கு அதில் வருத்தம்தான்.

இதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தையும் போய்ப் பார்த்திருந்தோம், பகல்நேரப் பராமரிப்போடு 'பழக்கிவிடுகிறோம்' என்று சொன்ன இடம். கட்டணம் குறைவு, வீட்டுக்குப் பக்கம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பெரிய நாய்களும் குட்டிகளும் ஒரே கூடத்தில், ஒரு பொமரேனியன் குட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டு வாலைக் காலுக்குள் செருகி நின்றது, அதைச் சுற்றி மூன்று பெரிய நாய்கள். பார்த்துக்கொள்ள ஒரே ஆள், அவரும் மறுமூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "பழகிடும் சார், முதல் நாள் எல்லாம் அப்படித்தான்" என்றார் கவுண்டரில் இருந்தவர். பழகாது. அந்த வயதில் நன்றாகப் பயந்துவிட்டால் அந்தப் பயம் நிலைத்துவிடும் அபாயம்தான் அதிகம். சேர்க்கும் முன் ஒரு வகுப்பைக் குட்டி இல்லாமல் போய் உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். கழுத்துச் சங்கிலியைச் சுண்டுவது, அதட்டுவது, முள் பட்டை இதெல்லாம் கண்ணில் பட்டாலும் அப்படியே திரும்பிவிடுங்கள்.

வகுப்புக்கு வெளியே செய்தவைதான் பாதிக்கு மேல். வாரத்தில் ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? ஊசி முடியும்வரை மிளகைத் தோளில் மாட்டும் பையில் வைத்துக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் ஓடிவரும் நேரம், புல்வெட்டும் இயந்திரம் வரும் நேரம், கீழ்த்தளத்தில் ஒரு மலாய்க் கல்யாணம். ஒரு நாள் மாலை லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் பூக்கடைகள் பக்கம். மல்லிகை வாசனைக்குப் பைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்து வேலை செய்துகொண்டே இருந்தது. பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா, "என்னம்மா, பிள்ளையைத் தூக்கிட்டு வந்த மாதிரி தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்று அம்மாவைக் கேட்க, அம்மாவுக்கு ஒரே வெட்கம். தரையில் இறக்கவே இல்லை, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். குட்டி கொட்டாவி விட ஆரம்பித்தாலே போதும் என்று அர்த்தம், தூக்கம் என்று நினைத்து இன்னும் ஒரு சுற்று போகாதீர்கள். கலவரப்பட்டாலும் நாய் கொட்டாவி விடும்.

யாருக்கு இந்த வகுப்பு வேண்டாம் என்றால், ஏற்கெனவே வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு. அவர்களுக்குத் தனியாள் பயிற்சிதான் சரி, குட்டிகள் கூட்டத்தில் பெரிய நாய்க்கு வேலை இல்லை, வகுப்பிலும் எடுக்கமாட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே சாதுவான நாய் ஒன்று இருந்து, வந்துபோகிற உறவினர் கூட்டமும் உள்ள தரைவீட்டுக்காரர்களுக்கும் அவ்வளவு அவசியம் இல்லை.

சேர்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். குட்டி வீட்டுக்கு வரும் தேதி தெரிந்தவுடனே இடம் போட்டுவிடுங்கள், சனிக்கிழமை காலை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஞாயிறு பிற்பகல் கிடைக்கும், ஆனால் அந்த வெயிலில் குட்டியோடு வண்டிக்குக் காத்திருக்கவேண்டும். வகுப்பு நாளில் காலைத் தீனியைப் பாதியாகக் குறைத்து, மீதியைப் பையில் கொண்டுபோங்கள். நெத்திலி கொண்டுபோகிறீர்கள் என்றால் உப்பில்லாதது, எங்கள் அம்மா முதல் வாரம் கொண்டுவந்த உப்பு நெத்திலியைப் பயிற்சியாளர் கும்பிட்டுக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.